பழைய பிக்கப் நேர்ரோட்டில் அலைகிறது, டை ராட் எண்ட் மாற்றியும் சரியாகவில்லை

பழைய_பிக்கப்:
வணக்கம். என்னுடையது 25 வருடம் ஓடிய பிக்கப். பின்னால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், பழைய பாக்ஸ் வகை பவர் ஸ்டீயரிங். 60 கி.மீ. வேகம் வரை தொந்தரவு இல்லை. 80ஐத் தாண்டினால் நேர்ரோட்டிலேயே மெல்ல இடப்பக்கம் போகும், திருத்தினால் வலப்பக்கம் போகும். கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே பக்கமாக இழுப்பதும் இல்லை, நடுக்கமும் இல்லை. பின்னால் லோடு இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை, காலி வண்டிதான் மோசம்.

நான்கு டை ராட் எண்டும் (சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளின் முனை மூட்டுகள்) புதிதாகப் போட்டேன். காற்று சரிபார்த்தேன். அலைன்மெண்ட்டும் ஆயிற்று. போன வாரம் ஒருவர் சொன்னாரே என்று ஸ்டீயரிங் பாக்ஸ் மேலே இருக்கும் ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கினேன். ஆட்டம் குறைந்தது, ஆனால் வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை. வீட்டில் எல்லோரும் ஏறும் வண்டி, பயமாக இருக்கிறது. அடுத்து எதை மாற்றுவது?

கிரீஸ்_கை:
தம்பி, எதையும் மாற்ற வேண்டாம். முதலில் அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் லாக் நட்டை இறுக்குங்கள். அதுவும் இன்றே. பாக்ஸுக்குள் பற்கள் நடு இடத்தில்தான் நெருக்கமாக உட்காரும், ஓரங்களில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். அதிகம் இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும், உள்ளே தேய்மானமும் கூடும். அந்த ஸ்க்ரூவைத் தொடுவதாக இருந்தால், பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டு, நடுவில் எவ்வளவு இறுக்கம் என்று அளந்துதான் தொட வேண்டும். சக்கரத்தின் பாரம் ஸ்டீயரிங்கில் இருக்கும்போது கைக்கு எதுவும் தெரியாது.

அப்புறம் ஆட்டம் எங்கே என்று கண்ணால் பாருங்கள். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும், ஜாக்கி கூடாது. நியூட்ரல், ஹேண்ட்பிரேக், பின்சக்கரத்துக்குக் கட்டை. எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் டார்ச்சோடு மேலிருந்து கீழே ஒவ்வொரு இணைப்பாகப் போங்கள். ஸ்டீயரிங் ராடின் அடியில் இருக்கும் ரப்பர் கப்ளிங், பாக்ஸைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்கள், அந்த இடத்தில் சேஸிஸில் விரிசல், பாக்ஸிலிருந்து இறங்கி இணைப்பை ஆட்டும் பிட்மன் ஆர்ம், எதிர்ப்பக்கம் அதே இணைப்பைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசையும் இடம்தான் ஆட்டம் இருக்கும் இடம். ஐட்லர் ஆர்ம் மேலும் கீழும் ஆடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். டை ராட் எண்ட் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

லைன்_டிரைவர்:
அண்ணன் சொன்னதோடு சக்கரத்தையும் ஆட்டிப் பாருங்கள். கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டும் வைத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போனால் வீல் பேரிங், போகாவிட்டால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தை ஆர்மோடு சேர்க்கும் உருண்டை மூட்டு). பின்பக்கம் பட்டையின் முனையில் இருக்கும் ஷாக்கிள் புஷ்ஷும், பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டும் பாருங்கள். பின் அச்சு இடம் மாறினாலும் வண்டி அலையும், முன்னால் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது.

பழைய_பிக்கப்:
ஸ்க்ரூவைப் பழைய இடத்தில் வைத்தேன், ஸ்டீயரிங் முன்போல் திரும்பி வருகிறது. தம்பியை உள்ளே உட்கார வைத்துப் பார்த்தேன். அண்ணே, ஐட்லர் ஆர்ம்தான்! கையால் பிடித்தாலே மேலும் கீழும் ஒரு விரல் கனம் ஆடுகிறது. பேரிங், பால் ஜாயிண்ட், பின் புஷ் எல்லாம் நன்றாக இருக்கின்றன. புது ஐட்லர் ஆர்ம் போட்டு, டோவும் (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மறுபடி வைத்தாயிற்று. பாதிக்கு மேல் சரி. ஆனால் காலி வண்டியில் 80க்கு மேல் இன்னும் கொஞ்சம் மிதக்கிறது.

நூல்_பிடிப்பவர்:
லோடு இருந்தால் பரவாயில்லை என்று முதலிலேயே எழுதியிருக்கிறீர்கள். பின்னால் பட்டை ஏதாவது கூட்டினீர்களா? அலைன்மெண்ட் தாளில் கேஸ்டர் எவ்வளவு?

பழைய_பிக்கப்:
ஆமாம் சார், இரண்டு வருடம் முன்பு லோடுக்காக ஒரு பட்டை சேர்த்தேன். பின்பக்கம் 5 செ.மீ. உயர்ந்தது. தாளில் கேஸ்டர் இடது 0.6, வலது 0.7 டிகிரி. வண்டிப் புத்தகத்தில் 1.5 முதல் 2.5 வரை என்று இருக்கிறது. டோவை மட்டும் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

நூல்_பிடிப்பவர்:
அதுதான் மீதிக் காரணம். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் கையை விட்டாலும் அது நேராகப் போகப் பார்ப்பதற்கு ஒரு காரணம். உங்கள் முன்சக்கரத்துக்கு அந்தச் சாய்வுதான் கேஸ்டர். பின்பக்கம் தூக்கினால் வண்டி முழுவதும் முன்னால் சாய்கிறது, கேஸ்டர் அந்த அளவு குறைகிறது. இரண்டு அச்சுக்கும் இடையே சுமார் 3 மீட்டர் என்றால், 5 செ.மீ. உயரத்துக்குக் கிட்டத்தட்ட 1 டிகிரி போய்விடும். லோடு ஏறினால் பின்பக்கம் தாழ்கிறது, போன கேஸ்டர் திரும்பி வருகிறது. டோவை எத்தனை முறை திருத்தினாலும் இது சரியாகாது.

மேல் ஆர்மில் ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) இருந்தால் அதை மாற்றிக் கேஸ்டரைக் கூட்டச் சொல்லுங்கள். காலி வண்டியில், பட்டை இப்போது இருக்கும் உயரத்திலேயே அளக்க வேண்டும். முதலில் கேஸ்டர், அதோடு கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு), கடைசியில்தான் டோ, ஏனென்றால் முதல் இரண்டைத் தொட்டால் டோ தானாக மாறும். இடமும் வலமும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் இழுக்க ஆரம்பிக்கும்.

லைன்_டிரைவர்:
ஸ்டீயரிங் டேம்பர் மாற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அதிர்வைத்தான் தாங்கும். ஆட்டத்தை மறைத்துவிடும், தேய்மானம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

பழைய_பிக்கப்:
ஷிம் மாற்றி இடது 2.0, வலது 2.1 டிகிரி வைத்தார்கள், டோவைக் கடைசியில் வைத்தார்கள். நேற்று காலி வண்டியில் 90 வரை ஓட்டினேன். இரண்டு விரல் வைத்தால் போதும், நேராகப் போகிறது. வளைவில் ஸ்டீயரிங் முன்பைவிடச் சுறுசுறுப்பாகத் திரும்பி வருகிறது. லோடோடு ஓட்டும்போது கொஞ்சம் கனமாகத் தெரிகிறது, அது எனக்குச் சம்மதம். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கிரீஸ்_கை:
நல்லது தம்பி. ஒன்று மட்டும் சொல்லுங்கள். டை ராட் எண்டிலும் ஐட்லர் ஆர்மிலும் ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி) புதிதாகத்தானே போட்டீர்கள்? ஓட்டைக்கு நேரே நட்டு வராவிட்டால் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது.

பழைய_பிக்கப்:
ஐட்லர் ஆர்மில் புதிதுதான் அண்ணே, இறுக்கித்தான் போட்டேன். டை ராட் எண்டில் ஒன்று மட்டும் பழைய பின்னையே வளைத்துப் போட்டிருக்கிறேன். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் மாற்றிவிடுகிறேன்.