கழுத்துத் தசையில் பார்க்கும் காதுச் சோதனை: செய்தவர்கள் யாராவது?

வணக்கம். நாங்கள் திருகோணமலை, உவர்மலையில் இருக்கிறோம். அம்மாவுக்குப் பலத்த சத்தம் கேட்டாலே தலை சுற்றுகிறது. கோயில் மேளத்துக்குக் கிட்டப் போவதையே விட்டுவிட்டார். காது, மூக்கு, தொண்டை வைத்தியர் ‘வெம்ப்’ சோதனை செய்துகொண்டு வரச் சொன்னார்.

எனக்கு விளங்கியது இதுதான். காதுக்குள் பெரிய ‘டக் டக்’ ஒலி கொடுப்பார்கள். அது உட்காதில் சமநிலையைக் கவனிக்கும் சிறு பையைத் தூண்டும். உடனே அதே பக்கக் கழுத்துத் தசை ஒரு கணம் தளரும். தோலில் ஒட்டிய மின்முனைகளில் சுமார் 13 மில்லிசெக்கனில் ஒரு அலையும் 23 இல் எதிர் அலையும் பதியும். உட்காதின் மேல் அரைவட்டக் குழாயை மூடிய எலும்பில் திறப்பு இருந்தால், வழக்கத்தைவிடக் குறைந்த ஒலிக்கே அலை வந்துவிடுமாம். அம்மாவுக்கு அதுதானோ என்று சந்தேகம்.

சிக்கல் என்னவென்றால், தசை இறுகியிருந்தால்தான் அலை தெரியும். படுத்தபடி தலையைத் தூக்க வேண்டும், அல்லது ஒரு பக்கம் திருப்பி வைத்திருக்க வேண்டும். அம்மாவுக்கோ கழுத்தெலும்புத் தேய்மானம். வயதானவர்களை இருந்தபடியே செய்ய விட்டார்களா? இடையில் ஓய்வு தருவார்களா?

கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் எங்கே செய்தீர்கள், எவ்வளவு செலவு என்றும் சொல்லுங்கள். கொழும்பு என்றால் இரவு ரயிலா, வானா? ஹபரணைக் காட்டுப் பாதையில் நல்ல தலைக்கே சுற்றும். மாத்திரைப் பெயர்கள் மட்டும் வேண்டாம், அது வைத்தியர் பாடு.