எக்செலில் எம்டிடெர்ம் தரும் விடையை நம்பலாமா?

கணக்கு டீச்சர்:
எம்டிடெர்ம் என்பது, எண்களைச் சதுரமாக அடுக்கிய அணிக்கு அணிக்கோவை என்ற ஒற்றை எண்ணைக் கணக்கிட்டுத் தரும் எக்செல் ஃபார்முலா. எக்செலில் முதல் வரிசையில் 1, 2, 3, அடுத்ததில் 4, 5, 6, கடைசியில் 7, 8, 9 என்று நிரப்பி =எம்டிடெர்ம்(ஏ1:சி3) போட்டுப் பாருங்கள். கையால் விரித்தால் -3 + 12 - 9, அதாவது அணிக்கோவை பூச்சியம். எக்செலோ 6.66இ-16, அதாவது 6.66ஐ 10இன் 16ஆம் அடுக்கால் வகுத்த எண், என்கிறது. அணிக்கோவை பூச்சியமானால் நேர்மாறு (பெருக்கினால் அலகு அணி தரும் அணி) கிடையாது. இதை நம்பினால் பிளஸ் டூ மாணவன் அந்த அணிக்கு நேர்மாறு உண்டு என்றுதான் எழுதுவான். வகுப்பில் இந்த ஃபார்முலாவைக் காட்டவே கூடாது.

எக்செல் ராசா:
டீச்சர், அது புள்ளிக்குப் பிறகு 15 பூச்சியம் தாண்டி வரும் எண். எக்செல் நம்மைப் போல விரிப்பதில்லை. வரிசைகளை வகுத்துக் கழித்து முக்கோண அணியாக்கி, மூலைவிட்ட உறுப்புகளைப் பெருக்குகிறது. நடுவில் 1/7 போன்ற பின்னங்கள் வரும். அவற்றை முழுதாக வைத்துக்கொள்ள இடமில்லை, சுமார் 16 இலக்கத்தோடு நின்றுவிடும். பூச்சியத்திலிருந்து இந்த அளவு விலகல் வரலாம் என்று மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கமே சொல்கிறது. உறுப்புகள் முழு எண்களா? அப்படியானால் விடையும் முழு எண்தான். =ரவுண்ட்(எம்டிடெர்ம்(ஏ1:சி3),0) போடுங்கள், முடிந்தது. 10×10 அணியைக் கையால் விரித்தால் 36,28,800 உறுப்புகள் வரும். யார் உட்கார்ந்து போடுவது?

கணக்கு டீச்சர்:
தசம எண்கள் இருந்தால் ரவுண்ட் எதற்கு உதவும்? இதே அணிக்கு நேர்மாறு கண்டுபிடிக்கும் மின்வெர்ஸ் போட்டால் பிழை என்று சொல்லாமல், கோடி கோடி மதிப்புள்ள எண்களைக் கட்டங்களில் நிரப்பிவிடுகிறது. ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூட #வேல்யூ! என்று கத்துகிற எக்செல், இங்கே வாயே திறப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறை.

எக்செல் ராசா:
தசமம் என்றால் ஒரு வரம்பு வையுங்கள். விடை 1இ-9க்குக் கீழே போனால் பூச்சியம் என்று இஃப் போட்டுவிடலாம்.

பாலம்:
ராசா, அது ஆபத்தான யோசனை. மூலைவிட்டத்தில் 0.1, மற்ற இடமெல்லாம் 0 என்று ஒரு 10×10 அணி எடுங்கள். அணிக்கோவை 1இ-10. உங்கள் இஃப் அதைப் பூச்சியம் என்று தள்ளிவிடும். ஆனால் அதன் நேர்மாறு, மூலைவிட்டத்தில் வெறும் 10கள் கொண்ட அழகான அணி. மீட்டரில் இருக்கும் அளவுகளை மில்லிமீட்டருக்கு மாற்றினாலே அணிக்கோவை எங்கேயோ போய்விடும், ஆனால் கணக்கு அதே கணக்குதான். கட்டுமானக் கணக்குகளில் நான் அணிக்கோவையைப் பார்ப்பதே இல்லை. மின்வெர்ஸ் தந்ததை எம்மல்ட் கொண்டு மூல அணியோடு பெருக்குவேன். மூலைவிட்டத்தில் 1, மற்ற இடமெல்லாம் 0 என்ற அலகு அணி வராவிட்டால் அந்த விடையைத் தொடமாட்டேன்.

எக்செல் ராசா:
சரி, எம்மல்ட் சோதனை என் வரம்பைவிட நல்லது, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் டீச்சர், வகுப்பில் காட்டக் கூடாது என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். நாளை வேலைக்குப் போகிற பிள்ளை எப்படியும் எம்டிடெர்ம் போடத்தான் போகிறான்.

கணக்கு டீச்சர்:
போடட்டும். முதலில் 3×3 அணியைக் கையால் விரிக்கத் தெரியட்டும். இந்த 6.66இ-16ஐப் பார்த்ததும் சந்தேகப்பட அவனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது, சொல்லுங்கள்.