மறுமொழி: கன்வர்ஜென்ஸ் – 'குவிதல்' வேண்டாம், 'மடங்குச் சுருக்கம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. குவிதல், ஒருங்கல், சமனாதல், எட்டிப்பிடித்தல், நெருங்கல் என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டன. ஏழை நாடு பணக்கார நாட்டைவிட வேகமாக வளர்ந்து அதன் நிலையை நோக்கிப் போவதைப் பொருளியலில் 'கன்வர்ஜென்ஸ்' என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஐந்தும் நல்ல தமிழ்தான். ஆனால் இந்த வேலைக்கு ஐந்தும் சரிப்படவில்லை என்பது என் கருத்து.

> இயற்பியலில் குவிதல் நிலைத்துவிட்டது. பொருளியலுக்கு மட்டும் எதற்கு வேறு சொல்?

ஏனென்றால், ஐயா, பொருளியலில் குவிதலுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. மூலதனக் குவிப்பு, செல்வக் குவிப்பு என்று எழுதிப் பழகியிருக்கிறோம். 'நாடுகளுக்கிடையே வருமானக் குவிதல்' என்று ஒரு தலைப்பைப் பார்ப்பவர், ஒரு சில நாடுகளிடம் பணம் போய்ச் சேர்கிறது என்றே படிப்பார். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். ஒளியியலில் அந்தச் சொல் இருந்துவிட்டுப் போகட்டும்.

சமனாதலையும் எட்டிப்பிடித்தலையும் சேர்த்தே பார்க்கலாம். இரண்டும் முடிவை முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. அர்ஜென்டினா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று. அப்புறம் நூறு ஆண்டுகளாகப் பின்தங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஜப்பான் கதை இன்னும் வேடிக்கை. சந்தை மாற்று விகிதத்தில் டாலருக்கு மாற்றிப் பார்த்தால், அதன் தலா வருமானம் 1980-களின் இறுதியில் அமெரிக்காவையே தாண்டியது. 2023-இல் அமெரிக்க அளவில் பாதிகூட இல்லை. பிடித்தது உண்மை, பிடி நழுவியதும் உண்மை. ஒரு கலைச்சொல் போக்கைச் சொன்னால் போதும், முடிவைச் சொல்ல வேண்டாம். (எட்டிப்பிடித்தலைச் சுருக்கி 'எட்டு வளர்ச்சி' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'இந்த ஆண்டு எட்டு வளர்ச்சி ஆறு சதவீதம்' என்று செய்தி வாசிப்பவரை நினைத்துப் பார்த்தேன். பாவம்.)

'நெருங்கல்' பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இழையில் அதற்குத்தான் ஆதரவு அதிகம். முதலில் எனக்கும் அதுவே பிடித்திருந்தது.

> நெருங்கல் என்றால் இடைவெளி குறைகிறது என்று யாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் இடைவெளி குறைவதில்லையே! 2023 நிலவரப்படி இந்தியாவின் தலா உற்பத்தி சுமார் 2,500 டாலர், அமெரிக்காவுடையது சுமார் 82,000 டாலர். மாற்று விகிதமும் விலைவாசியும் அப்படியே நிற்கின்றன, இந்தியாவின் தலா அளவு ஆண்டுக்கு 6 சதவீதமும் அமெரிக்காவின் அளவு 1.5 சதவீதமும் வளர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் இந்தியருக்குக் கூடுவது 150 டாலர், அமெரிக்கருக்குக் கூடுவது 1,230 டாலர். இடைவெளி 79,500-இலிருந்து 80,580 டாலராக விரிந்துவிட்டது. இதே வேகத்தில் போனால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரை இடைவெளி விரிந்துகொண்டேதான் போகும். அதற்குப் பிறகுதான் சுருங்கத் தொடங்கும். இருவரும் சமமாக 80 ஆண்டு ஆகும். அந்த 80 ஆண்டில் முதல் 50 ஆண்டுக்கு 'நெருங்கல்' என்ற சொல் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

இது வெறும் தாள் கணக்கு இல்லை. சீனாவில் நடந்தே இருக்கிறது. 1990-இல் அமெரிக்கரின் தலா அளவு சீனரைப்போல் 70 மடங்குக்கு மேல். 2023-இல் ஆறரை மடங்கு. உலகமே வியந்த வளர்ச்சி. ஆனால் இருவருக்கும் இடையிலான டாலர் இடைவெளி, விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும், 1990-இல் இருந்ததைவிட இன்று பெரியது. அரசியல் மேடைகளில் ஒருவர் 'நெருங்கிவிட்டோம்' என்பார், இன்னொருவர் 'இடைவெளி விரிந்துவிட்டது' என்பார். இருவரும் ஒரே அட்டவணையைத்தான் பார்த்துச் சொல்கிறார்கள். ஒருவர் வகுத்தார், இன்னொருவர் கழித்தார், அவ்வளவுதான்.

ஆக, நமக்கு வேண்டிய சொல்லுக்குள் வகுத்தல் இருக்க வேண்டும். 'விகிதம்' என்று தொடங்கலாமா என்று யோசித்தேன். ஆனால் வளர்ச்சி விகிதம், மாற்று விகிதம், வட்டி விகிதம் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே பல பொறுப்புகள். பேச்சில் நாம் என்ன சொல்கிறோம்? 'அவன் சம்பளம் என்னைப்போல் மூன்று மடங்கு' என்கிறோம். அந்த மடங்கையே எடுத்துக்கொள்ளலாம். மடங்கு குறைந்துகொண்டே வந்தால் மடங்குச் சுருக்கம், கூடினால் மடங்கு விரிவு. சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் மடங்குச் சுருக்கமும் இடைவெளி விரிவும் ஒரே காலத்தில் நடந்தன என்று இனி முரண்பாடில்லாமல் எழுதலாம்.

சொல் வேறு இடங்களிலும் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்தேன். வாங்குதிறன் சமநிலைப்படி, அதாவது நாடுகளுக்கிடையே உள்ள விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிட்டால், 2023-இல் இந்தியாவின் தலா அளவு சுமார் 10,000 டாலர். அப்போது அமெரிக்காவுடன் ஒப்பிட 33 மடங்கு இல்லை, 8 மடங்குதான். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் மடங்கை மட்டும் சொல்வது வழக்கமான பித்தலாட்டம். சந்தை மடங்கு, வாங்குதிறன் மடங்கு என்று முன்னொட்டு சேர்த்தால் அதற்கு வழியில்லை. (வாங்குதிறனா கொள்வனவு ஆற்றலா என்பதை இங்கே மீண்டும் கிளற வேண்டாம். தலா வருமானமா தலாவீத வருமானமா என்பதையும்தான். தமிழகம், இலங்கை என இரு கரைக்காரர்களுக்கும் இரண்டும் புரியும்.)

மடங்கு கணக்கேட்டில் மட்டும் சுருங்கும் வகையும் உண்டு. நைஜீரியா 2014-இல் தன் தேசியக் கணக்கின் அடிப்படை ஆண்டை 1990-இலிருந்து 2010-க்கு மாற்றியது. முன்பு சரியாகக் கணக்கில் வராத தொலைத்தொடர்பு, திரைப்படத் தொழில் எல்லாம் உள்ளே வந்தன. 2013-ஆம் ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி மதிப்பீடு 89 சதவீதம் உயர்ந்தது, நாடு தென்னாப்பிரிக்காவை முந்தியது. யார் வீட்டு வருமானமும் அன்றைக்குக் கூடிவிடவில்லை. கானாவும் 2010-இல் இப்படித்தான் ஒரே அறிவிப்பில் சுமார் 60 சதவீதம் 'வளர்ந்தது'. இதற்கு ஏட்டுச் சுருக்கம் என்று வைக்கலாம். சுரைக்காய் நினைவுக்கு வந்தால் நல்லதுதான்.

> ஆண்டு வளர்ச்சி வேகத்தை ஒப்பிட்டாலே போதுமே? எதற்கு இவ்வளவு சிக்கல்?

போதாது, அம்மா. 2022-இல் கயானா 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. எண்ணெய் கிடைத்தது, மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் குறைவு. வேகப் பட்டியலில் அதற்குக் கீழே நிற்கும் நாடுகள் எல்லாம் சோம்பேறிகள் ஆகிவிடுமா? அதேபோல், மொத்த அளவில் உலகத்தில் எத்தனையாவது இடம் என்ற பட்டியலும் மக்கள்தொகையால் வகுக்காத பட்டியல். தலா மடங்கை எடுத்தால் இந்த இரண்டு தொல்லையும் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

கடைசியாகக் கணித ஆசிரியர் ஐயாவின் 'ஒருங்கல்'. அதை நான் தள்ளவில்லை, இடம் மாற்றத்தான் சொல்கிறேன். பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1956-இல் முன்வைத்த வளர்ச்சி மாதிரியில், ஒரு நாடு நெருங்குவது இன்னொரு நாட்டை அல்ல. தன் சேமிப்பு, மக்கள்தொகைப் பெருக்கம், தொழில்நுட்பம் ஆகியவை தீர்மானிக்கும் தன்னுடைய உறுநிலையை, அதாவது அது கடைசியில் போய் நிலைகொள்ளும் வளர்ச்சிப் பாதையை. இரண்டு நாடுகளின் உறுநிலைகள் வேறாக இருந்தால், இரண்டும் ஒழுங்காகத் தங்கள் உறுநிலைக்குப் போய்ச் சேர்ந்தாலும் அவற்றுக்கிடையே மடங்கு சுருங்க வேண்டிய கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் இதற்கும் 'கண்டிஷனல்' (நிபந்தனைக்குட்பட்ட) என்று ஓர் அடைமொழியைப் போட்டு அதே சொல்லை ஓட்டிவிட்டார்கள். மாணவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். மீதித் தூரத்தில் ஆண்டுக்கு 2 சதவீதம் குறைகிறது என்று பொருளியலாளர்கள் பாரோவும் சாலா-இ-மார்ட்டினும் கண்ட வேகத்தை எடுத்துக்கொண்டு, எல்லா ஏழை நாடும் 35 ஆண்டில் பாதித் தூரம் கடந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நாடுகளைப் பொறுத்தவரை அந்தத் தூரம் அவரவர் உறுநிலைக்கான தூரம், அமெரிக்காவுக்கான தூரம் அல்ல.

எனவே இது உறுநிலை ஒருங்கல். ஒரு தொடர் தன் எல்லையை நோக்கிப் போவதைப் போலவே என்பதால் கணிதச் சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது. நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் மடங்குச் சுருக்கம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வந்தால் பாதகமில்லை. பொருள் இரண்டாக இருக்கிறதே. பல நாடுகளை ஒருசேரப் பார்த்து அவற்றின் வருமானப் பரவல் குறைகிறதா என்று அளப்பதற்குப் 'பரவல் சுருக்கம்' போதும் என நினைக்கிறேன். புள்ளியியல்காரர்கள் சொல்லட்டும்.

'மடங்குச் சுருக்கம்' வினையாக வரும்போது 'மடங்கு சுருங்குகிறது' என்று இயல்பாக வருகிறது. பெயரடைதான் இடிக்கிறது: 'மடங்கு சுருங்கும் நாடுகள்' என்றால் நாடே சுருங்குவதுபோல் இருக்கிறது. யாரிடமாவது நல்ல வழி இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் அந்த ஓர் இடத்தில் 'துரத்தும் நாடுகள்' என்றே போட்டுவிடலாம்.