மூன்றாம் ஜார்ஜை உதறியது சரியா? 1776 பற்றி ஒரு விவாதம்

திண்ணைவாசி:
1776-ல் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜை விட்டுப் பிரிந்ததற்கு வரிதான் காரணம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். எனக்கு அது போதவில்லை. 1765-ல் முத்திரை வரி வந்ததிலிருந்தே சண்டைதான். ஆனால் பத்து வருடமாக வசவு வாங்கியது பாராளுமன்றமும் அமைச்சர்களும். மன்னர் நல்லவர், கூட இருப்பவர்கள்தான் கெடுக்கிறார்கள் என்றே பலரும் நம்பினார்கள். 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையோடு மோதி ரத்தம் சிந்திய பிறகும், ஜூலையில் ஜான் டிக்கின்சன் பணிவாக எழுதிய சமாதான மனுவை, குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் லண்டனுக்கு அனுப்பியது. மன்னர் அதை வாங்கவே மறுத்தார். ஆகஸ்ட் 23 அன்று, அங்கே கலகம் நடக்கிறது என்று பிரகடனமும் போட்டுவிட்டார்.

1776 ஜனவரியில் தாமஸ் பெயின் பிலடெல்பியாவில் பெயர் போடாமல் ‘காமன் சென்ஸ்’ பிரசுரத்தை வெளியிட்டார். இங்கிலாந்திலிருந்து வந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத ஆள். அவர் வரிக்கணக்கு பேசவில்லை. இந்த அரச வம்சத்தின் மூலம் என்ன என்று கேட்டார். 1066-ல் இங்கிலாந்தைப் பிடிக்க ஆயுதக் கொள்ளைக்கூட்டத்தோடு வந்திறங்கிய வில்லியம்தானே? தாய்நாடு என்றவர்களிடம், மிருகம்கூடத் தன் குட்டியைத் தின்னாதே என்றார். ஒரு கண்டத்தை ஒரு தீவு என்றென்றைக்கும் ஆள்வது என்ன நியாயம் என்றார். பைபிளைத் திறந்து, ராஜா வேண்டும் என்று அடம்பிடித்த இஸ்ரவேலரை தீர்க்கதரிசி சாமுவேல் எச்சரித்த இடத்தைக் காட்டினார். மனு எழுதிக்கொண்டிருந்தவர்கள் பிறப்பால் வரும் அரசுரிமையையே கேள்வி கேட்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அந்தக் கேள்வி நியாயமானது, பிரிந்ததும் நியாயமானது.

கொள்ளிடம்:
திண்ணைவாசி அண்ணா, பெயின் நன்றாக எழுதினார் என்பதில் சந்தேகமே இல்லை. நன்றாக எழுதியதாலேயே அது நியாயம் ஆகிவிடாது. மறுதரப்பு சொன்னதையும் பாருங்கள். மேரிலாந்துத் தோட்டக்காரர் ஜேம்ஸ் சால்மர்ஸ் ‘கேண்டிடஸ்’ என்ற புனைபெயரில் பெயினுக்குப் பதில் எழுதினார். பிரிட்டிஷ் கடற்படை இல்லாமல் உங்கள் துறைமுகங்களை யார் காப்பது என்று கேட்டார். அது முட்டாள்தனமான கேள்வியா? கடைசியில் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்துதானே யார்க்டவுனில் நடந்த கடைசிப் பெரிய சண்டையில் ஜெயிக்க முடிந்தது?

வழி வேறு இல்லை என்பதும் சரியில்லை. 1774-லேயே காங்கிரஸில் பென்சில்வேனியாப் பிரதிநிதி ஜோசப் கேலோவே ஒரு திட்டம் வைத்தார்: குடியேற்றங்களுக்கென்று ஒரு பொதுச் சபை, மன்னர் நியமிக்கும் ஒரு தலைவர், பொது விஷயங்களில் பாராளுமன்றமும் அந்தச் சபையும் ஒன்றையொன்று தடுக்கும் அதிகாரம். ஒரே ஒரு ஓட்டில் அதை ஒத்திப்போட்டார்கள். பிறகு குறிப்பேட்டிலிருந்தே நீக்கிவிட்டார்கள். இதுதான் சுதந்திரம் கேட்பவர்கள் நடந்துகொள்ளும் விதமா?

அப்புறம் அடிமைகள். 1775-லேயே லண்டனில் எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் கேட்டுவிட்டார்: அடிமைகளை ஓட்டுகிறவர்களிடமிருந்தே விடுதலைக் கூச்சல் பலமாகக் கேட்பது எப்படி? அதே வருடம் நவம்பரில் வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் ஓடிவந்து மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அந்த மனிதர்களுக்குச் சுதந்திரம் எந்தப் பக்கம் இருந்தது?

ஆடிப்பெருக்கு:
டன்மோரைப் புகழ்வதற்கு முன் ஒரு விஷயம். ராஜ விசுவாசிகளின் அடிமைகளுக்கு அந்த அறிவிப்பில் இடமே இல்லை. அவரே அடிமைகளை வைத்திருந்தவர். அது போர் உத்தி, கருணை இல்லை.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. யார்க்டவுனில் 1781-ல் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி, அதே கார்ன்வாலிஸ் 1786-ல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்தார். 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகாலையும் திண்டுக்கல்லையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கியவர் அவர்தான். சேலம், தர்மபுரிக்காரர்களை யாராவது ஒப்புதல் கேட்டார்களா? பாஸ்டனில் குடியேற்றக்காரர்கள் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலையும் அதே கம்பெனியுடையதுதான். கேலோவே திட்டம் போல ஒன்றை நம்பி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

கொள்ளிடம்:
இந்தியாவையும் மாசசூசெட்ஸையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நம்மை வென்று ஆண்டார்கள். அவர்களோ செவ்விந்தியர்களின் நிலத்தில் குடியேறியவர்கள். அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று 1763-ல் மன்னர் கோடு போட்டபோது கொதித்தவர்களும் அவர்களே. சுதந்திரப் பிரகடனத்தில் மன்னர் மீதான குற்றப்பட்டியலின் கடைசியில் செவ்விந்தியர்களை ‘இரக்கமற்ற காட்டுமிராண்டிகள்’ என்று எழுதியிருக்கிறார்கள். பிரகடனத்தின் வரைவை எழுதிய ஜெபர்சன் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து எழுதிய பத்தியை காங்கிரஸ் அடித்துவிட்டது. அந்த ஆவணத்தை வைத்தே பேசுகிறேன்.

திண்ணைவாசி:
தம்பி, அந்தப் பத்தியை அடித்தது வெட்கக்கேடு. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் மன்னர் தரப்பின் வாதம் எங்கே போய் முடிகிறது பாருங்கள். பாதிரியார் சாமுவேல் சீபரி எழுதினார்: அடிமையாகத்தான் வேண்டும் என்றால் ஒரு ராஜாவுக்கு ஆகிறேன், திடீரென்று முளைத்த கமிட்டிக்காரர்களுக்கு மாட்டேன். எஜமானைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோடு அவர் நின்றுவிடுகிறார். எல்லா மனிதரும் சமம் என்று ஒருமுறை எழுதிவிட்டால், எழுதியவர்களால் அதைத் தங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. 1777 ஜனவரியில் பிரின்ஸ் ஹாலும் வேறு சில கறுப்பர்களும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள், பறிக்க முடியாத இயற்கை உரிமை எங்களுக்கும் உண்டு என்று. 1781-ல் எலிசபெத் ஃப்ரீமன் என்ற அடிமைப்பெண், அந்த மாநில அரசியல் சட்டத்தில் ‘எல்லாரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள்’ என்று இருப்பதை வைத்தே வழக்குப் போட்டு ஜெயித்தார். 30 ஷில்லிங் நஷ்டஈடும் கிடைத்தது. சீபரியின் வாதத்தை வைத்து எந்த அடிமை வழக்குப் போட முடியும்?

கொள்ளிடம்:
எலிசபெத் ஃப்ரீமன் ஜெயித்தது மாசசூசெட்ஸில். 1783-ல் நியூயார்க் துறைமுகத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் எழுதிய பேரேடு இன்றும் இருக்கிறது. பெயர், வயது, ஆள் எப்படியிருப்பார், முன்பு யாருக்கு அடிமை, எந்தக் கப்பல் என்று வரிசையாக, பிரிட்டிஷாரோடு வெளியேறிய சுமார் 3,000 கறுப்பர்கள். பெரும்பாலோர் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனவர்கள். அவர்களைத் திருப்பித் தரவேண்டும் என்று அமெரிக்கத் தளபதி வாஷிங்டன் நேரில் கேட்டார். வாக்குக் கொடுத்துவிட்டோம், தரமுடியாது என்றார் மன்னரின் தளபதி கார்ல்டன். அந்தப் பேரேட்டில் உள்ளவர்களிடம் போய்ப் பெயினைப் படித்துக் காட்டுங்கள் அண்ணா. மன்னர் ஆண்ட நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்க 1833-ல் சட்டம் வந்தது. பிரிந்துபோன நாட்டில் 1865 வரை, அதுவும் ஒரு பெரிய போருக்குப் பிறகு.