குழு அழைப்பில் என் குரல் மட்டும் நின்றுவிடுகிறது

வணக்கம். இலங்கையின் மல்லாவியில் வசிக்கும் 71 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். என்னுடன் படித்த ஆறு பேர், மூவர் ரொறன்ரோவிலும் இருவர் இலண்டனிலும் ஒருவர் வவுனியாவிலுமாக, ஒவ்வொரு நாளும் இரவு ஏழு மணிக்கு (ரொறன்ரோவில் இப்போது காலை ஒன்பதரை) வட்ஸ்அப் குழுக் குரலழைப்பில் கூடி ஒரு மணி நேரம் பேசுகிறோம்.

மூன்று வாரங்களாக, அழைப்புத் தொடங்கி ஏழெட்டு நிமிடங்களில், திரை அணைந்து சிறிது நேரத்துக்குள் என் குரல் அவர்களுக்குக் கேட்பதில்லை. அவர்கள் பேசுவதோ எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. வவுனிக்குளத்தில் தண்ணீர் எத்தனை அடி என்று கேட்பவருக்கு நான் விலாவாரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, "மாஸ்டர் தேத்தண்ணி குடிக்கப் போட்டார் போல" என்று அவர்கள் சிரிப்பதையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திரையைத் தொட்டு ஒளிரச் செய்தால் குரல் மீண்டும் போகிறது. இருவர் மட்டும் பேசும் அழைப்பில் இச்சிக்கல் இல்லை.

கைத்தொலைபேசி நான்கு வருடப் பழையது. ஆண்ட்ராய்டு 11, 2 ஜிபி நினைவகம். செயலியை நீக்கி மீண்டும் நிறுவினேன், ஒலிவாங்கி அனுமதியைச் சரிபார்த்தேன், மின்கலச் சேமிப்பை நிறுத்தினேன், வேறு சிம்மிலும் அயல்வீட்டு வைஃபையிலும் முயன்றேன். பலனில்லை. பழுதுபார்ப்பவர் புதியது வாங்கச் சொன்னார். அவர் ஒலிவாங்கியைச் சோதிக்கவே இல்லை. ஆண்ட்ராய்டு 9 முதல் பின்னணியில் இயங்கும் செயலிகளின் ஒலிவாங்கிப் பயன்பாடு கட்டுப்படுத்தப்படுவதால், கோளாறு அமைப்புகளில்தான் என்று ஐயுறுகிறேன்.

திரை அணைந்த பின்னும் குழு அழைப்பில் என் குரல் தொடர்ந்து செல்ல, இன்னும் எந்த அமைப்பை நான் மாற்ற வேண்டும்?