கேரவன் இழுத்த குடும்பக் கார்கள்: அவுஸ்திரேலியாவிலிருந்து சில அனுபவங்கள்

மெல்பேர்ண் வடபுறத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

வாரநாளில் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற அதே காரின் பின்னால் விடுமுறை நாளில் தங்கி உறங்க வசதியுள்ள இழுவை வண்டியான கேரவனைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் புறப்படும் வழக்கம் அவுஸ்திரேலியக் குடும்பங்களிடம் இரண்டு மூன்று தலைமுறைகளாக இருந்தது. அதற்கு ஏற்ற கார்களான ஃபோர்ட் ஃபல்கனும் ஹோல்டன் கொமடோரும் இன்று புதிதாகக் கிடைப்பதில்லை. இந்த மாற்றத்தை நேரில் எதிர்கொண்டவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதினால், கேரவன் வாங்க நினைக்கும் நம்மவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று கருதி, முதலில் என்னுடையதை எழுதுகிறேன்.

எங்களிடம் நெடுங்காலம் இருந்தது ஃபல்கன் பி.எஃப். வேகன், அதாவது கூரை பின்புறம் வரை நீண்டு சுமையிடம் கூடிய கார். நான்கு லீற்றர், ஆறு சிலிண்டர், பின்சக்கர இயக்கம். செடானைவிட அதன் சக்கர இடைவெளி நீளம். செடானுக்குத் தனித்தனியாக அசையும் பின் சஸ்பென்ஷனைக் கொடுத்த பிறகும், வேகனுக்கு மட்டும் பழைய முறையில் ஒற்றை அச்சும் இலைவில்லுமே பொருத்தப்பட்டிருந்தன. பார்க்கிறவர்களுக்கு அது பழமையாகத் தெரியும். ஆனால் கேரவனைக் கொளுவும் குமிழான டோ பாலின் மேல் கேரவனின் மூக்கு அழுத்தும் எடை நேரே இயங்கும் சக்கரங்களின் மேல் இறங்கியதால், ஈரப்புல்லில் நின்று புறப்படும்போதும் பின்சக்கரம் வீணாகச் சுழன்றது அரிது. உரிய கனரக இழுவைப் பொதியை, அதாவது அதிக எடை இழுப்பதற்கான உறுப்புத் தொகுப்பை, பொருத்தினால் 2300 கிலோ வரை இழுக்க அனுமதி இருந்தது. கேரவனைக் கழற்றிவிட்டால், அம்மா முழங்கால் வலியோடு ஏறி இறங்கக்கூடிய உயரத்திலேயே இருந்த ஒரு சாதாரணக் குடும்பக் கார் அது. இந்த இரண்டு குணங்களும் ஒரே வண்டியில் இருந்ததுதான் பெரிய விடயம். இழுவைச் சக்தி இன்றைய வண்டிகளில் அதிகமாகவே கிடைக்கிறது. கிடைக்காதது இந்தச் சேர்க்கை.

ஃபல்கன் வேகன் 2010இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. கொமடோர் வேகனும் 2008இல் ஸ்போர்ட்வேகன் என்ற பெயரில் வந்தபோது, வடிவம் அழகாகிச் சுமையிடம் சுருங்கியிருந்தது. ஆகவே இந்நாட்டுக் கார்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டதால்தான் இந்த வண்டிகள் அழிந்தன என்று சொல்வது முழு உண்மையாகாது. குடும்பங்கள் அதற்கு முன்பே எஸ்யூவி பக்கம் திரும்பியிருந்தன. ஃபோர்டே 2004இல் ஃபல்கனின் உறுப்புகளைக்கொண்டு டெரிட்டரி என்ற வண்டியைச் செய்து, தன் வேகன் வாங்கும் கூட்டத்தைத் தானே பிரித்துக்கொண்டது.

கடைசி ஃபல்கன் 2016 ஒக்டோபர் 7 அன்று ப்ரோட்மெடோஸ் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. பெயர் ப்ரோட்மெடோஸ் என்றாலும் அந்தத் தொழிற்சாலை இருந்தது கம்பெல்ஃபீல்டில். இந்நாட்டில் கேரவன் கட்டும் பட்டறைகள் பல இருப்பதும் அதே கம்பெல்ஃபீல்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான். இழுக்கும் வண்டி போய்விட்டது. இழுபடும் வண்டி இன்னும் அதே தெருக்களில் தயாராகிறது, முன்பைவிடப் பல நூறு கிலோ கூடிய எடையோடு.

அடிலெய்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா எழுதியதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் தொழிற்சாலைப் பக்கத்துக் காரணங்களை அவ்வளவு விரைவாகக் கடந்துவிட முடியாது. அடிலெய்டின் எலிசபெத் பகுதியில் இருந்த ஹோல்டன் ஆலைக்கு உதிரிபாகம் கொடுத்த சிறிய நிறுவனம் ஒன்றில் நான் சில ஆண்டுகள் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தேன். 1996 முதல் 2010 வரை தொடர்ந்து 15 ஆண்டுகள் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் கொமடோர். அப்படிப்பட்ட வண்டியின் கடைசி உருப்படி 2017 அக்டோபர் 20 அன்று வெளியே வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 3 அன்று, மெல்பர்னின் ஆல்டோனாவில் டொயோட்டாவும் மூடியிருந்தது.

இறக்குமதிக் கார்களுக்கான சுங்கவரி ஆண்டுகள் தோறும் குறைக்கப்பட்டு 2010இல் 5 சதவீதத்துக்கு வந்திருந்தது. சுரங்கத் தொழிலின் செழிப்பால் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையே தாண்டி நின்ற காலத்தில், இங்கே செய்து வெளிநாட்டுக்கு விற்பது நஷ்டமாகவும் வெளிநாட்டிலிருந்து வாங்குவது மலிவாகவும் ஆனது. 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தாய்லாந்துடனான தடையற்ற வணிக ஒப்பந்தம், அங்கே தயாராகும் இரட்டைக் கேபின் யூட்களுக்கு, அதாவது பின்புறம் திறந்த சுமைத்தட்டு உள்ள பிக்கப் வண்டிகளுக்கு, கதவைத் திறந்துவிட்டது. இன்று விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருக்கும் ஃபோர்டு ரேஞ்சரும் டொயோட்டா ஹைலக்ஸும் தாய்லாந்திலிருந்து வருபவைதான். ஒரு டன் சுமக்கும் யூட் வேலை வண்டி என்ற கணக்கில் வரிச் சலுகையும் பெறுவதால், சொந்தத் தொழில் செய்கிறவர் செடான் வாங்கக் காரணமே இல்லாமல் போயிற்று.

இனி என் அனுபவம். எங்கள் கேரவன் சுமை ஏற்றிய நிலையில் 1800 கிலோ. அதை இழுக்கக்கூடிய, தாழ்வான, ஐந்து பேர் அமரும் கார் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு விற்பனையாளர் நான் சொல்லி முடிப்பதற்குள் என்னை ஒரு யூட்டின் முன் நிறுத்தி, "இது 3500 கிலோ இழுக்கும், கவலையை விடுங்கள்" என்றார். அதன் ஜி.சி.எம்., அதாவது வண்டியும் கேரவனும் சேர்ந்து தாண்டக்கூடாத மொத்த எடை, எவ்வளவு என்று கேட்டேன். அவர் கையேட்டைத் தேடப் போனார். 6000 கிலோ என்று வந்தது. 3500 கிலோ கேரவனை மாட்டினால் யூட்டுக்கு மிஞ்சுவது 2500. அதன் வெற்று எடையே ஏறத்தாழ 2250. மீதமுள்ள 250 கிலோவுக்குள் கேரவனை மாட்டும் சட்டமான டோ பாரும் முன்புறக் காப்புச் சட்டமும் பின்புற மூடியும் குடும்பமும் குளிர்பெட்டியும் அடங்க வேண்டும். நடைமுறையில் நால்வர் உட்கார்ந்த உடனேயே கணக்கு முடிந்துவிடும். விளம்பரப் பலகையில் 3500 மட்டும்தான் இருக்கிறது. ஃபால்கனின் 2300ஐயும் இதே கணக்கில் இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலத்துக் கேரவன்கள் அந்த எல்லையைத் தொடவே இல்லை.

முடிவில் நான் வாங்கியது பழைய டெரிட்டரி டீசல். உற்பத்தி நின்று ஆண்டுகள் பல கடந்தும் அதற்கு விலை இறங்கவில்லை.

பிரிஸ்பேனிலிருந்து ஓர் உறுப்பினர்:

வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். கேரவனைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் இந்தச் சிக்கலை எதிர்ப்பக்கத்திலிருந்து தீர்த்தோம். ஊரிலிருந்து ஆண்டுதோறும் வந்து தங்கும் மாமியாரால் யூட்டில் ஏற முடியாது. பக்கப்படி வைத்தும் பார்த்தாயிற்று. ஆகவே இருக்கிற ஏழு இருக்கை எஸ்யூவியை வைத்துக்கொண்டு, அதன் 2000 கிலோ வரம்புக்குள் அடங்கும் கேரவனைத் தேடினோம். கண்காட்சிக்குப் போனால் எங்கு பார்த்தாலும் மண்பாதைக்கென்று கட்டிய இரட்டை அச்சுக் கேரவன்கள்: தனிக் குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், இரண்டு மூன்று தண்ணீர்த் தொட்டிகள், கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். பெரிய வண்டி இருப்பதால் பெரிய கேரவன் கட்டுகிறார்கள். பெரிய கேரவன் இருப்பதால் மக்கள் இன்னும் பெரிய வண்டி வாங்குகிறார்கள். இந்தச் சுற்றில் நடுத்தர வண்டிக்கும் நடுத்தரக் கேரவனுக்கும் ஒரே சமயத்தில் இடமில்லாமல் போய்விட்டது என்பதுதான் எனக்குப் புரிந்தது.

இறுதியில் கூரையை மேலே உயர்த்திக்கொள்ளும் பாப்-டாப் வகையில் பழைய ஒன்றை வாங்கினோம். விற்றவர் சொன்ன எடையை நம்பாமல் பொது எடைமேடைக்குக் கொண்டுபோனோம். தகட்டில் எழுதியிருந்த வெற்று எடைக்கும் மேடை காட்டிய எடைக்கும் இடையே நல்ல வித்தியாசம் இருந்தது. பின்னாளில் பூட்டிய வெயில்மறைப்பும் குளிர்சாதனமும் கூடுதல் பாட்டரியும் தகட்டில் ஏறுவதில்லை அல்லவா? தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டியின் இழுவை வரம்பை மட்டும் பார்த்தால் போதாது. டோ பாலின் மேல் இறங்கலாம் என்று அனுமதித்த எடையையும் பாருங்கள். கேரவன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அங்கே இறங்கும் என்பது இந்நாட்டு வழக்கம். 2000 கிலோ இழுக்கும் என்று சொல்லிவிட்டு டோ பாலுக்கு 100 கிலோ மட்டுமே தரும் வண்டிகளும் இருக்கின்றன. அவற்றின் உண்மையான வரம்பு எது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஐயா குறிப்பிட்ட ஃபால்கன் வேகன் இப்போதும் கிடைத்தால் வாங்கலாமா என்று சொன்னால் நல்லது. என் கணவருக்கு அதன்மேல் ஒரு கண் இருக்கிறது.

கான்பெராவிலிருந்து ஓர் உறுப்பினர்:

சுருக்கமாக எழுதுகிறேன். 1600 கிலோ வரை இழுக்க அனுமதியுள்ள மின்சார வண்டியால் சிறிய கேரவனை இழுத்துக்கொண்டு கிளைட் மலை வழியாக பேட்மன்ஸ் பே போனோம். இழுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை; மலையேற்றத்தில் எஞ்சின் அலறலும் இல்லை. ஆனால் ஒருமுறை மின்னேற்றிச் செல்லும் தூரம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை, மின்னேற்றும் இடங்கள் பெரும்பாலும் முட்டுச்சந்தாக இருப்பது. கேரவனோடு உள்ளே போக முடியாது. தெருவோரத்தில் கழற்றி நிறுத்தி, மின்னேற்றி, திரும்பி வந்து பூட்ட வேண்டும். அருகில் நின்ற முதியவர் ஒருவர், தாம் ஒரு காலத்தில் ஹோல்டனின் பழைய கிங்ஸ்வுட் காரால் இதே மலையில் கேரவன் இழுத்ததாகவும், அப்போது ரேடியேட்டர் ஆறுவதற்காக இதைவிட அதிக நேரம் காத்திருந்ததாகவும் சொல்லிச் சிரித்தார். பழைய கார்களைப் பற்றிய நம் ஏக்கத்தில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மெல்பேர்ண் உறுப்பினர் மீண்டும்:

பிரிஸ்பேன் தங்கைக்கு: வேகன் என்றால் மிகப் புதியதும் 2010ஆம் ஆண்டு வண்டியாகவே இருக்கும் என்பதை மனதில் வைத்துப் பாருங்கள். பல வேகன்கள் டாக்சியாகவும் தொழிலாளர் வண்டியாகவும் ஓடிக் களைத்தவை. டோ பாரில் பொறித்த எடைவரம்புத் தகட்டைப் படியுங்கள். கனரகப் பொதி இல்லாத வண்டிக்கு 2300 கிலோ பொருந்தாது. கியர்பெட்டி எண்ணெயின் நிறத்தையும் குளிர்விப்பானையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள், ஏனென்றால் இழுவை வண்டி முதலில் படுப்பது அங்கேதான். கேரவனின் பிரேக்குக்கான கன்ட்ரோலர் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். 750 கிலோவுக்கு மேற்பட்ட எந்தக் கேரவனுக்கும் பிரேக் கட்டாயம், 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும். எரிவாயுவில் ஓடும் வண்டி மலிவாக வந்தால் அவசரப்பட வேண்டாம். பெட்ரோல் நிலையங்களில் எல்.பி.ஜி. பம்புகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டு வருகின்றன. நீண்ட பயணத்தில் அடுத்த ஊரில் அது கிடைக்குமா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்பட வேண்டியிருக்கும். உங்கள் பாப்-டாப் இப்போதைய எஸ்யூவியின் வரம்புக்குள் அடங்குகிறது என்றால், வேகனைக் கணவரின் ஆசைக்காக வாங்குங்கள்; இழுவைக்காக வாங்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.