மின்ஸு: இனமா, தேசியமா, குடியினமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நான் தமிழாக்கிவரும் சீன வரலாற்று நூலில் 'மின்ஸு' என்னும் சீனச் சொல்லுக்கு 'இனம்' என்றும், 'மின்ஸு ஜூயி' என்பதற்குத் 'தேசியவாதம்' என்றும் எழுதிவிட்டு மேலே செல்லலாம் என்று ஐயா சென்ற மடலில் எழுதியிருந்தார்கள். நான்கு அதிகாரங்கள் வரை நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். ஐந்தாவதில் 1905ஆம் ஆண்டும் 1912ஆம் ஆண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தபோது கை நின்றுவிட்டது.

1905இல் டோக்கியோவில் சீனப் புரட்சியாளர் சன் யாட்-சென் தலைமையில் உருவான தோங்மெங்ஹுய் என்னும் புரட்சிக் கூட்டமைப்பின் உறுதிமொழி, தாத்தாரியரை விரட்டுவது, சீனத்தை மீட்பது, குடியரசை நிறுவுவது, நில உரிமையைச் சமன்செய்வது என்ற நான்கு கூறுகளைக் கொண்டது. முதற்கூறு இழிசொல்லால் சுட்டுவது 1644 முதல் பெய்ஜிங்கில் அரியணையில் இருந்த மஞ்சுக்களை. அதாவது அன்றைய மின்ஸு ஜூயியில் மஞ்சு வெளியாள், சீனத்தின் பெரும்பான்மையினரான ஹான் மட்டுமே உள்ளாள். 1911 அக்டோபர் 10 அன்று வூச்சாங்கில் படைவீரர்கள் மஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். 1912 சனவரி 1 அன்று நான்ஜிங்கில் இடைக்காலக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற அதே சன், ஹான், மஞ்சு, மங்கோலியர், ஹுய், திபெத்தியர் ஆகிய ஐவரையும் ஒரே மனிதனைப் போல ஒன்றாக்குவதே மின்ஸுவின் ஒருமை என்று அறிவித்தார். முதலிடத்தில் 'இனவாதம்' என்றும் இரண்டாமிடத்தில் 'தேசிய ஒருமைப்பாடு' என்றும் நான் எழுதியிருந்தேன். இரண்டும் தனித்தனியே பிழையில்லாத தமிழ்தான். ஆனால் ஏழு ஆண்டுகளுக்குள் ஒரே சொல் ஒருவரை வெளியே தள்ளி மீண்டும் உள்ளே அழைத்துக்கொண்டது என்ற செய்தி, என் மொழிபெயர்ப்பில் தடமே இல்லாமல் மறைந்துபோயிருந்தது.

இந்தத் திருப்பத்துக்குக் காரணம் பெருந்தன்மை மட்டுமன்று, நிலமும்தான். மங்கோலியாவும் திபெத்தும் சின்ஜியாங்கும் சீனத்தோடு ஒரே ஆட்சியின் கீழ் இருந்ததற்குக் காரணம் மஞ்சுக்களின் சிங் பேரரசு. மஞ்சுவை அந்நியன் என்று விரட்டினால், அவன் சேர்த்து வைத்த நிலத்துக்கு மட்டும் எப்படி உரிமை கொண்டாடுவது? 1911 டிசம்பரிலேயே மங்கோலியா தன் விடுதலையை அறிவித்துவிட்டது. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கருப்பு என ஐந்து பட்டைகள் கொண்ட கொடியோடு புதிய குடியரசு ஐங்குல ஒற்றுமையைப் பேசத் தொடங்கிய சூழல் இது.

சொல்லின் பிறப்பையும் பார்க்க வேண்டும். 'மின்' என்றால் மக்கள், 'ஸு' என்றால் குலம் அல்லது வழிமரபு. இவ்விரு எழுத்துகளையும் சேர்த்து ஜப்பானியர் 'மின்ஸொகு' என்று வழங்கியதை, 1898 சீர்திருத்தம் நசுக்கப்பட்டபின் ஜப்பானுக்குத் தப்பியோடிய லியாங் சிச்சாவ் போன்றோர் தம் இதழ்கள் வழியே சீனத்தில் பரப்பினார்கள். 1895இல் ஜப்பானிடம் தோற்றுத் தைவானை இழந்த நாடு, வென்றவனின் சொல்லைக்கொண்டே தன்னை எண்ணிப் பார்க்கத் தொடங்கியது. 1903இல் லியாங் இக்கொள்கையைச் சிறிது, பெரிது என இரண்டாகப் பிரித்தார்: நாட்டுக்குள் மற்றவர்களுக்கு எதிராக ஹான் நிற்பது சிறியது, உள்ளே இருப்பவர் அனைவரும் வெளிநாட்டாருக்கு எதிராக நிற்பது பெரியது. சிறியதை 'இனவாதம்' என்றும் பெரியதைத் 'தேசியவாதம்' என்றும் பெயர்த்தால் வாசிக்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றையே இரண்டாகப் பகுக்கிறார் என்பதுதானே அவருடைய வாதம்?

'தேசியம்' என்ற சொல்லில் எனக்குள்ள இன்னொரு தடை, அதன் அடியில் 'தேசம்' இருப்பது. மின்ஸுவில் நிலம் இல்லை; நாட்டுக்குச் சீனத்தில் 'குவோ' என்று தனிச்சொல் உண்டு. முதல் உலகப்போருக்குப் பின் நடந்த பாரிஸ் மாநாட்டில், சாண்டோங் மாகாணத்தில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகள் ஜப்பானுக்குப் போவதை எதிர்த்து, 1919 மே 4 அன்று பெய்ஜிங்கில் ஏறத்தாழ மூவாயிரம் மாணவர்கள் திரண்டபோது எழுப்பிய முழக்கம், வெளியே நாட்டின் உரிமைக்காகப் போராடு, உள்ளே நாட்டின் கள்வரைத் தண்டி என்பது. இரண்டு இடத்திலும் வருவது குவோதான், மின்ஸு இல்லை. பிற்காலத்தில் கம்யூனிஸ்டுகள் இந்த வேறுபாட்டைக் கருத்தாகப் பேணினார்கள். தங்களுடையது 'ஐகுவோ', அதாவது நாட்டுப்பற்று. 'உள்ளூர் மின்ஸு ஜூயி' என்பதோ 1957க்குப்பின் சிறுபான்மையினர் பலர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. சன் தம் மூன்று கொள்கைகளில் முதலாவதாக ஏற்றிப் போற்றிய சொல் அரை நூற்றாண்டில் வசைச்சொல்லாகிவிட்டது. '-வாதம்' என்ற ஈறு இதற்கு மிகவும் உறுத்துகிறது. தமிழில் நமக்குப் பிடித்தவை '-இயம்' பெறும் (பெண்ணியம், மார்க்சியம்), பிடிக்காதவை '-வாதம்' பெறும் (பிரிவினைவாதம், பயங்கரவாதம்) என்பது எழுதப்படாத விதி. சீனத்தின் 'ஜூயி'யில் அந்தச் சார்பு கிடையாது. 'கொள்கை' என்று வைத்துவிட்டால், போற்றுவதா தூற்றுவதா என்பதைச் சூழலே காட்டிவிடும். ('நாடு' என்பதோடு '-இயம்' சேர்த்து 'நாட்டியம்' ஆக்கலாமே என்று நம்மில் ஒருவர் செய்த குறும்பை ரசித்தேன். மாவோவுக்குச் சலங்கை கட்டிவிட்ட பழி நமக்கு வேண்டாம்.)

அடுத்து, 'தேசிய இனம்' ஏற்கெனவே இருக்கிறதே என்ற கேள்வி. இடதுசாரி மொழிபெயர்ப்புகள் வழியே தமிழில் வேரூன்றிய நல்ல சொல் அது; தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அதன்மேல் நடந்த விவாதங்களின் எடை முழுவதும் அதில் ஏறியிருக்கிறது. எனக்குத் தடையாக இருப்பதும் அந்த எடைதான். 'தேசிய இனம்' என்று படித்ததுமே தமிழ் வாசகர் 'தன்னுரிமை' என்று அடுத்த சொல்லைத் தாமே நிரப்பிக்கொள்வார். 1931இல் ஜியாங்சி மாகாணத்தில் கம்யூனிஸ்டுகள் வகுத்த அரசமைப்பு அவ்வுரிமையை, பிரிந்துபோகும் உரிமை உட்பட, ஒப்புக்கொண்டது உண்மை. அவர்கள் ஆட்சிக்கு வந்த 1949இல் இடைக்கால அரசமைப்பாக வகுத்த பொதுத் திட்டத்தில் அது இல்லை, வட்டாரத் தன்னாட்சி மட்டுமே இருந்தது. சொல் மாறவில்லை, உரிமை போய்விட்டது. மேலும், 1913இல் ஸ்டாலின் தேசிய இனத்துக்கு வகுத்த பொது மொழி, நிலப்பரப்பு, பொருளியல் வாழ்வு, உளப்பாங்கு என்னும் நான்கு அடையாளங்கள் மின்ஸுவுக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. சீன மொழியையே பேசி, நாடெங்கும் சிதறி வாழும் ஹுய் முஸ்லிம்களும் ஒரு மின்ஸு. 1953 கணக்கெடுப்பில் நானூறுக்கும் மேற்பட்ட பெயர்களை மக்கள் தங்கள் மின்ஸு என்று பதிந்தார்கள். ஆய்வுக் குழுக்கள் அவற்றைச் சேர்த்தும் கழித்தும், 1979இல் யுன்னானின் ஜினோ மக்களோடு ஹானையும் சேர்த்து 56 என்று பட்டியலை முடித்தன. இந்த 56இல் ஒவ்வொன்றும் மின்ஸு. எல்லாம் சேர்ந்த சீனப் பெருந்தொகுதியும் மின்ஸு. பெய்ஜிங்கிலுள்ள மின்ஸு பல்கலைக்கழகமே 2008இல் தன் ஆங்கிலப் பெயரில் மொழிபெயர்ப்பைக் கைவிட்டு 'மின்ஸு' என்று ஒலிபெயர்த்துக்கொண்டது. அவர்களே கைவிட்ட இடத்தில் நாம் முயல்வது கொஞ்சம் துணிச்சல்தான்.

என் முன்மொழிவு 'குடியினம்'. குடி என்ற நம் பழஞ்சொல்லில் மின்னும் உண்டு, ஸுவும் உண்டு. குறளில் 'குடிதழீஇக் கோலோச்சும் மாநில மன்னன்' என்னும்போது குடி ஆளப்படும் மக்கள். 'குடிமை' அதிகாரத்தில் அது வழிமரபு. அப்படியானால் 'குடி'யே போதாதா, 'இனம்' எதற்கு என்று கேட்பீர்கள். தனியே 'குடி' என்றால் கிண்டலுக்கு இடமாகும் என்பது ஒன்று. 'சிறுபான்மைக் குடி' என்பது ஒரு வீட்டாரைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது என்பது மற்றொன்று. 'சிறுபான்மைக் குடியினம்' என்பதில் அந்தக் குழப்பம் இல்லை.

எதிர்பாராத ஊதியமும் ஒன்று கிடைத்தது. சன்னின் மூன்று கொள்கைகளான மின்ஸு, மின்சுவான், மின்ஷெங் மூன்றும் 'மின்' என்றே தொடங்குகின்றன. தேசியம், சனநாயகம், மக்கள் வாழ்வு என்று இதுவரை எழுதியதில் அந்த மோனை போய்விட்டது; ஒரே வேரிலிருந்து மூன்றையும் எடுத்தார் என்பதும் போய்விட்டது. குடியினக் கொள்கை, குடியாட்சிக் கொள்கை, குடிவாழ்வுக் கொள்கை என்று எழுதிப் பாருங்கள். நடுவிலுள்ளது நம் அகராதிகளில் முன்பே இருக்கும் சொல்.

1943இல், அன்று சீனத்தை ஆண்ட சியாங் கை-ஷேக், சீனத்தில் ஒரே மின்ஸுதான் உண்டு, திபெத்தியர் முதலானோர் அதன் 'ஸோங்ஸு'க்கள் மட்டுமே என்று வாதிட்டார். அதற்குக் 'கிளைக்குடி' என்றால், திபெத்தியரின் தகுதியை அவர் ஒரு படி இறக்குகிறார் என்பது விளக்கக் குறிப்பு இல்லாமலே புலப்படும். அதே வேளையில், நூலாசிரியர் தம் சொந்தக் கூற்றாகப் பேசும் 'சீனத் தேசியம்' என்னும் பொதுத் தொடரை மாற்ற நான் சொல்லவில்லை. மூலத்தில் 'மின்ஸு' நிற்கும் இடத்தில் மட்டும் 'குடியினம்' வரட்டும். 1949இன் நாட்டுப்பண், 1935இல் எழுதப்பட்டபோதே, சீன மின்ஸுவுக்குப் பேரிடர் வந்துவிட்டது என்று அறைகூவியது. பெய்ஜிங்கின் தியானன்மென் வாயிற்சுவரின் இரு முழக்கங்களிலோ மின்ஸு இல்லை, 'ரென்மின்' என்னும் மக்களே உண்டு. பாட்டில் ஒன்று, சுவரில் ஒன்று என்ற இந்த வேறுபாடு தமிழிலும் தெரிய வேண்டும்.

ஒரு சொல்லில் மட்டும் எனக்கு இன்னும் வழி பிடிபடவில்லை. நாட்டைக் காட்டிக்கொடுத்தவனுக்குச் சீனத்தில் 'ஹான்ஜியேன்' என்று பெயர். நேர்ப்பொருள் 'ஹான் துரோகி'. ஜப்பானியருக்கு உளவு பார்த்ததற்காக 1948 மார்ச்சில் சுட்டுக்கொல்லப்பட்ட கவாஷிமா யோஷிகோ மீதான குற்றமும் அதுவே. அவர் பிறப்பால் மஞ்சு இளவரசி. 'தேசத்துரோகி' என்றால் முரண் மறைகிறது. 'ஹான் துரோகி' என்றால், மஞ்சுப் பெண் எப்படி ஹானுக்குத் துரோகியானாள் என்று வாசகர் என் மொழிபெயர்ப்பையே ஐயுறுவார். இப்போதைக்கு 'ஹான்ஜியேன்' என்றே ஒலிபெயர்த்து வைத்திருக்கிறேன். நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள்.

அன்புடன்.